பாண்டு நோயும் கடல்படு பொருள்களும்

1. முன்னுரை

குருதியின் செம்மை குன்றி உடல் வெளுக்கும் நோயைப் பாண்டு என்றும் சோகை என்றும் தமிழ் மக்கள் வழங்குவர். இந்நோய் மிகப் பழையது. இன்றும் நம்மை விட்டு அகலாதது. 2019 முதல் 2021 வரை நிகழ்ந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவை வரையுள்ள பெண்டிருள் நூற்றுக்கு 53.4 பேர் இந்நோயுடையர் எனக் காட்டுகின்றது. பெண்டிருள் பாதிக்கு மேற்பட்டோரைப் பற்றியுள்ள ஒரு நோயைக் குறித்துப் பழந்தமிழ் நூல்களைச் சான்று காட்டிப் பேசுவார் எவராயினும், அவர் காட்டும் சான்று பிழையற்றதாக இருத்தல் வேண்டும். இலக்கியத்தில் நேரும் பிழை ஏட்டோடு நிற்கும்; மருத்துவத்தில் நேரும் பிழை உடம்பைச் சாரும்.

முத்து, பவளம், சங்கு ஆகியவற்றை நீற்றிச் செய்யும் பற்பங்கள் குருதியைப் பெருக்கும் என்றும், இதனை நம் முன்னோர் சங்க காலத்திலேயே அறிந்திருந்தனர் என்றும் ஒரு கருத்து இக்காலத்தில் பேசப்படுகின்றது. மற்றொரு புறம், கடல்வாழ் உயிர்களினின்று பிரித்தெடுக்கும் பொருள்கள் சோகைக்கு மருந்தாகுமா என அறிவியலார் ஆராய்ந்து வருகின்றனர். இவ்விரண்டையும் ஒன்றாக முடிந்து, பின்னையது முன்னையதனை மெய்ப்பிக்கின்றது என்பாரும் உளர். அம்முடிச்சுப் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

2. பெயர்களும் அவற்றின் எல்லையும்

பாண்டு என்பது வெண்மை கலந்த மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் வடசொல். நிறப்பெயரே நோய்க்கும் ஆயிற்று. வெளுப்பு நோய் என்னும் வழக்கும் அவ்வாறு பிறந்ததே. சோகை என்னுஞ் சொல்லோ வெளுப்பை மட்டும் சுட்டுவதன்று. முகம் வெளுத்து ஊதிய நிலையைச் 'சோகை பிடித்தது' என நாட்டார் கூறுவர். குருதிக் குறைவு முதிர்ந்த விடத்து வீக்கமும் உடன் தோன்றும் என்பதனால் இவ்வழக்குக் கண்டறிந்து கூறியதே எனலாம்.

இச்சொற்களோடு சங்க இலக்கியத்துப் பசலையையும் சேர்த்தெண்ணுவார் சிலர். தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனியில் படரும் நிறவேறுபாடே பசலை. திருவள்ளுவர் இதற்கெனப் 'பசப்புறு பருவரல்' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். குறுந்தொகையின் 399-ஆம் பாட்டு, ஊரார் நீருண்ணும் துறையில் படர்ந்த பாசி கை பட்ட இடத்தே அகன்று, கையெடுத்தவுடன் மீண்டும் மூடிக்கொள்ளும் இயல்பைப் பசலைக்கு உவமையாக்குகின்றது. பாசி, பசலை, பசுமை ஆகிய மூன்றும் ஒரு வேரினின்று கிளைத்தவை. ஆகவே பசலை என்பது வெறும் வெளுப்பன்று. பசுமை சாயலிட்ட வெளிறல் என்பது பெறப்படும்.

ஐரோப்பாவிலும் இதனையொத்த ஒரு செய்தி உண்டு. இளம்பெண்டிர்க்கு வரும் வெளிறல் நோயைப் பச்சை நோய் என்று அந்நாட்டினர் வழங்கினர். 1554-இல் யோகான் இலாங்கே என்னும் செருமானிய மருத்துவர் இதனைக் கன்னியர் நோய் என விளக்கி, மணம் புரிதலையே மருந்தாகக் கூறினார். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டுச் சிடன்ஆம் இரும்பை மருந்தாக அளித்தார். 1832-இல் பிரான்சு நாட்டுப் பிளாடு, இரும்பின் கந்தக உப்பை அடிப்படையாகக் கொண்ட மாத்திரையை வெளியிட்டார். அதன் பின்னரே அந்நோய் காதலால் வருவதன்று, இரும்புக் குறைவால் வருவது என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று.

தலைவன் வரவால் பசலை நீங்கும் என்னும் நம் அகமரபும், மணத்தால் நோய் நீங்கும் என்னும் இலாங்கேயின் கூற்றும் ஒத்திருத்தல் வியப்புக்குரியதே. எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. இலாங்கே எழுதியது மருத்துவ மடல். சங்கப் புலவர் பாடியது அகத்திணை. பசலை ஒரு மெய்ப்பாடு; நோய்க்குறிப்பன்று. அதனைப் பாண்டு எனக் கொண்டு, சங்கப் பாடல்களிற் சோகை மருத்துவம் உளது என்று நிறுவ முயல்வது திணையிலக்கணத்தையும் மருத்துவத்தையும் ஒருங்கே மயக்குவதாகும். ஆதலின் பசலையை ஈண்டு விலக்கி மேற்செல்வாம்.

3. பாண்டுக்கு உரைக்கப்பட்ட மருந்து

பாண்டு நோயை விரிவாகக் கூறும் பழைய நூல்களுள் சரக சங்கிதை தலையாயது. அதன் சிகிச்சைத் தானத்துப் பதினாறாம் அதிகாரம் இந்நோய்க்கே உரியது. வளி, அழல், ஐயம் ஆகிய தனித்தனிக் குற்றங்களால் வருவன மூன்று. மூன்றும் கூடி வருவது ஒன்று. மண் தின்பதால் வருவது ஒன்று எனப் பாண்டு அங்கு ஐவகைப்படும். மண் தின்னும் வேட்கைக்கும் இரும்புக் குறைவுக்கும் உள்ள தொடர்பை இக்கால மருத்துவமும் ஒப்புகின்றது. எது காரணம், எது காரியம் என்பதில் வேறுபாடு இருப்பினும், இரண்டும் உடன் நிகழ்தலைக் கண்ட கண் கூரிய கண்ணே.

அவ்வதிகாரம் கூறும் மருந்துகளுள் நவாயசம் ஒன்று. சுக்கு, மிளகு, திப்பிலி, கடுக்காய், நெல்லி, தான்றி, கோரைக்கிழங்கு, வாய்விடங்கம், சித்திரமூலம் ஆகிய ஒன்பதும் ஒவ்வொரு பங்கு. இரும்புப் பொடி ஒன்பது பங்கு. எனவே மருந்தின் சரிபாதி இரும்பு. மற்றொன்று மண்டூர வடகம். மண்டூரம் என்பது இரும்பை உருக்குங்கால் கழிந்து இறுகும் கிட்டம்.

தமிழ்ச் சித்த மருத்துவ மரபும் இவ்வழியதே. அயச்செந்தூரம், காந்தச் செந்தூரம், அன்னபேதிச் செந்தூரம், மண்டூரம் சேர்ந்த குடிநீர் ஆகியன பாண்டுக்குரியனவாக வழங்கும் மருந்துகள். அயம் இரும்பு, காந்தம் இரும்பின் கனிமம், மண்டூரம் இரும்புக் கிட்டம், அன்னபேதியோ இரும்பின் கந்தக உப்பு. பிளாடு தம் மாத்திரைக்குக் கொண்ட அடிப்படைப் பொருளும், இன்று அரசு மருத்துவமனைகளில் கருவுற்ற மகளிர்க்கு வழங்கப்பெறும் இரும்புச் சத்து மாத்திரையின் பொருளும் இவ்வன்னபேதியின் இனமே. செந்தூரமாக்குங்கால் அதன் வேதியியல் இயல்பு மாறும் எனினும், மருந்தின் கரு இரும்பே என்பதில் ஐயமில்லை. இம்மருந்துகளைக் கூறும் சித்த நூல்கள் இன்றுள்ள வடிவிற் பெரும்பாலும் பிற்காலத்தன. ஆதலின் அவற்றை மட்டும் கொண்டு காலம் கூறுதல் அரிது. அக்குறையை ஒரு கல்வெட்டு நிறைவு செய்கின்றது.

காஞ்சிபுரத்தை அடுத்து, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் அமைந்த ஊர் திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நெடுங் கல்வெட்டொன்று உள்ளது. அதன் காலம் கி.பி. 1068-ஐ ஒட்டியது. வேதக் கல்லூரி ஒன்றும், அதனைச் சார்ந்து வீரசோழன் என்னும் பெயரால் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றும் அங்கு நடைபெற்றமையை அது தெரிவிக்கின்றது. மருத்துவர், அறுவை செய்வார், மூலிகை கொணர்வார், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்குரிய ஊதியமும், ஓராண்டுக்கு இருப்பில் வைக்கத்தக்க மருந்துகளின் பட்டியலும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. இருபதளவான அம்மருந்துகளுள் மண்டூர வடகம் எனக் கொள்ளத்தக்க பெயர் ஒன்று உண்டு. கல்லில் எழுத்துச் சற்றே திரிந்திருப்பினும் பொருள் ஐயத்துக்கு இடமானதன்று.

இச்செய்தியின் சிறப்பினை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏட்டில் எழுதப்பட்டது வழக்கில் இருந்ததா என்னும் ஐயம் எப்பொழுதும் எழும். கல்வெட்டோ வாங்கி வைத்த பொருளைக் கூறுகின்றது. பதினோராம் நூற்றாண்டில், மாணவரும் கோயிற் பணியாளரும் படுத்துக் கிடந்த ஒரு மருத்துவ சாலையில் இரும்புக் கிட்டத்தாற் செய்த மருந்து இருப்பில் இருந்தது. அப்பட்டியலில் முத்தும் பவளமும் பெயரால் குறிக்கப்படவில்லை. சோழப் பேரரசு கடல் கடந்து படை செலுத்திய பேரரசு; முத்தும் பவளமும் அதற்கு அரியன அல்ல. கோயில்களுக்கு அவ்வரசர் அளித்த அணிகலப் பட்டியல்களில் முத்தும் பவளமும் மலிந்து கிடக்கின்றன. இருந்தும் அவை இம்மருந்துப் பட்டியலில் இடம்பெறவில்லை.

4. முத்தும் பவளமும் சங்கும்

கடல்படு பொருள்கள் மருந்தாகவில்லை என்பது இதன் கருத்தன்று. முத்துப் பற்பம், முத்துச்சிப்பிப் பற்பம், பவளப் பற்பம், சங்குப் பற்பம், பலகறைப் பற்பம் என அவை சித்த மருத்துவத்தில் இன்றும் வழங்குகின்றன. ஆயின் அவை பெரிதும் பேசப்படுவது இருமல், உட்சூடு, குன்மம் போன்ற நோய்களுக்கே. பாண்டுக்குரிய மருந்துகளில் அவை வருமிடத்தும் துணைப்பொருளாக வருவனவேயன்றித் தலைமை பெறுவன அல்ல.

அவற்றின் இயல்பு இதற்குக் காரணம் காட்டும். முத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட பங்கு சுண்ணாம்புச் சத்து. எஞ்சியது சிப்பியுயிர் சுரக்கும் புரதமும் சிறிது நீரும். சங்கும் பலகறையும் சிப்பியும் அவ்வகையினவே. பவளத்தின் செந்நிறத்தைக் கண்டு அதில் இரும்பு மிகுதி என எண்ணத் தோன்றும். அஃது உண்மையன்று. அந்நிறம் பூக்களுக்கும் காய்கனிகளுக்கும் நிறம் தரும் கரோட்டீன் இனத்துப் பொருள் ஒன்றால் அமைந்தது. சிவந்த பொருள் குருதியைச் சிவப்பிக்கும் என்னும் எண்ணம் பல நாட்டு மக்களிடத்தும் உண்டு. பவளம் குருதிக்கு நல்லது என்னும் பேச்சும் அதனின்று பிறந்தது எனக் கருதலாம்.

பவளம் நம் கடலின் விளைவு என்பதும் ஆராயத்தக்கது. அணிக்கும் மருந்துக்கும் சிறந்த செம்பவளம் நடுநிலக் கடலின் விளைவு. முசிறித் துறையில் இறங்கிய மேலைநாட்டுச் சரக்குகளுள் பவளமும் ஒன்று எனப் பெரிப்புளூசு என்னும் கிரேக்க நூல் கூறும். உரோமர் இந்திய முத்தை விரும்பும் அளவுக்கு இந்தியர் பவளத்தை விரும்பினர் எனப் பிளினி எழுதினார். புகார் நகரத்துத் துகிர் கீழைக் கடலினின்று வந்ததாகப் பட்டினப்பாலை பேசும். எவ்வாறாயினும் அது கலத்தில் வந்த பண்டம். அரசரும் வணிகரும் ஆண்ட பொருள். முத்தோ நம் கொற்கையின் விளைவு. ஆயின் அதனைக் குளித்தெடுத்தோர் அதனை உண்ணவில்லை. கொற்கை முத்துக் குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகளை ஈடுபடுத்தினர் எனப் பெரிப்புளூசு கூறுவது கருதத்தக்கது.

இனி, சுண்ணாம்புச் சத்துக்கும் இரும்புக்கும் உள்ள உறவு நோக்குதற்குரியது. 1991-இல் சுவீடன் நாட்டு ஆல்பெர்க்கும் அவர்தம் துணைவரும் செய்த ஆய்வில், ஒருவேளை உணவோடு 300 முதல் 600 மில்லிகிராம் வரை கால்சியம் சேருமாயின் இரும்பு உட்கொள்ளப்படும் அளவு பாதியளவோ அதற்கு மேலோ குறையும் என்பது அறியப்பட்டது. நீண்ட நாள் உணவில் இத்தடையின் விளைவு குறைவு எனப் பின்வந்தோர் கூறினர். ஆயினும் இரும்பு மருந்தையும் சுண்ணாம்பு மருந்தையும் ஒரே வேளையில் உண்ணலாகாது என்பதே இன்றைய மருத்துவ அறிவுரை. ஆகவே சோகையுற்ற ஒரு பெண், இரும்புக்கு மாற்றாகச் சங்குப் பற்பத்தையோ முத்துப் பற்பத்தையோ நம்புவாளாயின், அவள் பெறுவது மருந்தன்று. சில வேளை மருந்துக்குத் தடை.

எனினும் ஒன்று கூறல் வேண்டும். குன்மத்தால் இரைப்பை புண்பட்டு உள்ளே குருதி கசிவதாலும் சோகை வரும். சுண்ணாம்பு இரைப்பைப் புளிப்பைத் தணிக்கும். இவ்வகையிற் கடல்படு பற்பங்கள் நோயின் ஒரு காரணத்தைத் தொட்டிருத்தல் கூடும். அது மறைமுகமான உதவியே. குருதியை ஆக்குவது வேறு. குருதியிழப்பைத் தடுப்பது வேறு.

5. நெய்தலின் உணவு

அங்ஙனமாயின் கடலுக்கும் பாண்டு நோய்க்கும் தொடர்பே இல்லையோ எனின், உண்டு. அது முத்துச் சலாபத்தில் இல்லை; மீன் உணங்கும் மணலில் உள்ளது.

நற்றிணையின் 45-ஆம் பாட்டில், செல்வமிக்க தலைவனை நோக்கித் தோழி தங்கள் வாழ்வைக் கூறி விலக்குகின்றாள். தலைவி பரதவர் மகள். சுறாமீனை அறுத்து உலர்த்திய துண்டங்களைப் பறவைகள் கவராமற் காப்பவள். நாறும் தன் மேனியைச் சுட்டியே, நீர் எமக்கு ஒவ்வீர் என்பது அவள் கூற்று. இலக்கியச் சுவைக்காகப் பன்முறை கற்பிக்கப்படும் இப்பாட்டு, ஓர் உணவு வரலாற்றுச் சான்றாகவும் நிற்கின்றது. மீனை உலர்த்திச் சேமித்தலும், மீனைக் கொடுத்து நெல்லைப் பெறுதலும் சங்கப் பாடல்களிற் காணும் செய்திகள். நெய்தலின் மீன் மருதத்தின் சோற்றோடு சேர்ந்தது என்பது இவற்றாற் போதரும்.

அச்சேர்க்கையின் பயனை அறிவியல் மிகப் பிற்காலத்தே கண்டது. நெல்லிலும் பயற்றிலும் இரும்பு உண்டு; ஆயின் அவற்றிலுள்ள பைட்டேட்டு என்னும் பொருள் அதனை உடல் கொள்ளாவாறு பிணிக்கும். 1968-இல் வெனிசுவேலா நாட்டு இலைரிசேயும் அவர் குழுவினரும், பயற்றையும் மக்காச்சோளத்தையும் ஊனோடும் மீனோடும் சேர்த்து உண்பித்து ஆராய்ந்தனர். மீன் சேர்ந்தபோது தானியத்திலுள்ள இரும்பை உடல் மிகுதியாக ஏற்றது. மீன் தன் இரும்பைத் தருவது சிறிது. பிற உணவின் இரும்பை விடுவிப்பது பெரிது.

மற்றொரு பயன் வைட்டமின் பி12. இது குறைந்தாலும் சோகை வரும். 1926-இல் மைனாட்டும் மர்ஃபியும் ஈரலை உணவாக அளித்துக் கொடிய சோகையைத் தணித்தனர். ஈரலிலிருந்த அப்பொருள் 1948-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் அமைப்பை 1956-இல் தோரதி ஆட்சுகின் அம்மையார் விளக்கினார். இப்பொருளைச் செடியோ விலங்கோ ஆக்குவதில்லை, நுண்ணுயிர்களே ஆக்குகின்றன. கடலில் அது நுண்ணுயிரினின்று மிதவை உயிர்களுக்கும், அவற்றினின்று மீனுக்கும் சிப்பிக்கும் செல்லும். முத்துக்காகச் சிப்பியைத் திறந்து ஊனை அழுகவிட்டது சலாப வழக்கம். சோகைக்குப் பயன்படும் பகுதி அழுகிய ஊனே, முத்தன்று. வரலாற்றின் நகை என்பது இதுவன்றோ!

கடற்பாசியும் ஈண்டுக் கருதத்தக்கது. மன்னார் வளைகுடாக் கரையில் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என மக்கள் இட்ட பெயர்கள் வழங்குகின்றன. கஞ்சிப்பாசி என்னும் பெயரே அதன் பயனைக் காட்டும். 2007-இல் வெனிசுவேலா ஆய்வாளர் சில கடற்பாசி வகைகளைத் தானிய உணவோடு மனிதர்க்கு அளித்து, இரும்பு ஏற்பு மிகுதலைக் கண்டனர். சப்பானியர் உண்ணும் செம்பாசி ஒன்றில் வைட்டமின் பி12 உள்ளது. அதுவும் பாசி தானே ஆக்கியதன்று. உடன்வாழும் நுண்ணுயிர் அளித்தது. ஆயின் 1991-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பாசியுணவு உண்ட குழந்தைகளின் சோகைக் குறி தணியவில்லை. சுருள்பாசியில் உள்ளது பெரும்பாலும் உடலுக்குப் பயன்படாத போலிப் பி12. எனவே பாசி என்னும் ஒரு பெயரைக் கொண்டு எல்லாப் பாசிக்கும் ஒரே குணம் கூறுதல் பொருந்தாது.

6. இக்கால ஆய்வின் நிலை

கடலினின்று குருதி நோய்க்கு மருந்து தேடும் முயற்சி 1950-ஐ ஒட்டித் தொடங்கியது. கரிபியக் கடலின் பஞ்சுயிர் ஒன்றில் பெர்க்மன் கண்ட பொருள்களின் வழியே சைட்டராபின் என்னும் மருந்து உருவாகி, 1969-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது குருதிப் புற்றுக்கு உதவுவது. அதே மருந்து எலும்பு மச்சையை ஒடுக்கிச் சோகையை உண்டாக்கும். கடலினின்று வந்தது என்பதனாலேயே ஒன்று குருதிக்கு நலம் பயக்கும் என எண்ணலாகாது என்பதற்கு இஃதொன்றே சான்று.

பிரான்சு நாட்டுக் கடற்கரை மணலில் வாழும் ஒருவகைப் புழுவின் ஈமோகுளோபினும் இன்று ஆராயப்படுகின்றது. மனித ஈமோகுளோபின் ஒன்று 4 உயிர்வளி மூலக்கூறுகளையே தாங்கும்; இப்புழுவினது 156 வரை தாங்கும். மாற்றுவதற்கென எடுத்த சிறுநீரகம் முதலிய உறுப்புகளைக் கெடாது காக்க இது பயன்படுகின்றது. சோகைக்கு இன்னும் மருந்தாகவில்லை. மீன் புரதத் துணுக்குகளோடும் பாசியின் சர்க்கரைப் பொருள்களோடும் இரும்பைப் பிணைத்து, இரைப்பையை வருத்தாத மருந்து செய்யும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. அவற்றுட் பெரும்பகுதி ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிடத்தும் நிகழ்வன. இவை எல்லாவற்றிலும் கடற்பொருள் ஊர்தி, இரும்பே பயணி. பழைய செந்தூரத்தில் மூலிகைச் சாறு பெற்ற இடத்தை இங்குக் கடற்பொருள் பெறுகின்றது எனலாம்.

7. முடிபு

மேற்கூறியவற்றாற் பெறப்படுவன வருமாறு: பசலை பாண்டு அன்று. பாண்டுக்கு நம் மரபு தேர்ந்த மருந்து இரும்பு. அதற்குத் திருமுக்கூடற் கல்வெட்டு உறுதியான சான்று. முத்து, பவளம், சங்கு ஆகியன வேறு நோய்களுக்கு உரியன. சோகைக்கு அவற்றை முதன்மையாக்குவது மரபுக்கும் மாறு, அறிவியலுக்கும் மாறு. கடல் இந்நோய்க்குச் செய்த உதவி மீனும் சிப்பியூனும் ஒருசில பாசிகளும் ஆகிய உணவின் வழியதே. இக்கால ஆய்வுகள் முத்துப் பற்பத்திற்குச் சான்றாகா.

நம் முன்னோர்க்குப் பெருமை சேர்க்க விழைவோர்க்கு இம்முடிபு குறைவு தருவதன்று. கொல்லன் உலைக்களத்திற் கழித்தெறிந்த கிட்டத்தை எடுத்து, ஆதுலர் சாலையில் வைத்து, நோயாளர்க்கு அளித்த மக்கள் அவர்கள். விலையுயர்ந்த மணியைக் கழுத்திலும் விலையற்ற கிட்டத்தை மருந்துப் பெட்டியிலும் வைத்த அறிவு சிறிய அறிவன்று. அவர்கள் கூறாததை அவர்கள் மேல் ஏற்றுவதைவிட, கூறியதைச் செவ்விதின் அறிதலே அவர்க்கு நாம் செய்யும் கடன். இன்று வெளுத்த முகத்தோடு மருத்துவரிடம் வரும் பெண்ணுக்கும் அதுவே நன்மை பயப்பது.